கவர்னரின் இடது முன்னங்கால்

காலை ஆறு மணிக்கு, திரேஸ்புரம் கரையில், முழங்காலளவு தண்ணீரில், கவர்னர் ஹில்டாவின் வலது பாதத்தின்மேல் ஏறி நின்றார். ஏறினவர் இறங்கவில்லை. கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தபடி, முக்கியமான கோப்பில் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் போல அசையாமல் நின்றார். ஹில்டா தோளால் நெம்பினாள். விலாவில் குத்தினாள். "சவத்து மூதி, எடு காலை" என்று மன்றாடினாள். கவர்னர் வாலைச் சுழற்றினார். உப்புத் தண்ணீர் அவள் முகத்தில் சளாரென்று அடித்தது. பக்கத்தில் வள்ளத்திலிருந்து வலை இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தண்டல் பொண்டாட்டி குதிரைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறாள் என்று ஒருவன் சொல்ல, ஞானத்தகப்பன் யார் என்று இன்னொருவன் கேட்டான்.

கவர்னர் என்பது ஜட்கா வண்டிக் குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைத் தீற்று, உடம்பெல்லாம் தழும்பு. பெயர் வைத்தவர் ஹில்டாவின் புருஷன் ரோச். அவரை ஊரில் யாரும் வெறும் ரோச் என்று சொல்வதில்லை, ரோச் தண்டல். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே முப்பது வருஷம் சரக்குத் தோணி ஓட்டியவர். தோணியின் தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். அந்தத் தோணி வயதாகி, ஒரு நாள் கரையில் ஏற்றப்பட்டு, பலகை பலகையாகப் பிரிக்கப்பட்டுப் பாதி ஊருக்கு அடுப்பெரித்தது. தோணி போனாலும் தண்டல் போகவில்லை. நாலு வருஷத்துக்கு முன் ரோச் குதிரையும் வண்டியும் வாங்கி ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தியபோது, காக்கிச் சட்டை போடாமல், கொழும்பில் தைத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் ஏறி உட்கார்ந்தார். வண்டியில் ஏறுகிறவர்களுக்கு அவர் சவாரி மட்டும் தரவில்லை. ஐப்பசிப் புயலில் மன்னார்க் கடலைக் கடந்த கதையையும் சேர்த்துத் தந்தார். கதை முடியும் இடம் எப்போதும் ஒன்றுதான்: "இந்தக் கை ஒரு பாறையத் தொட்டது கெடையாது."

பாறையைத் தொடாத அந்தக் கை, நாலு வருஷத்தில் தொடாத சுவர் தூத்துக்குடியில் பாக்கி இல்லை. ஆனால் அது கையின் குற்றமல்ல, குதிரையின் குற்றம் என்று ரோச் தீர்ப்பு எழுதி முடித்திருந்தார். கவர்னர் முதல் மழைக்காலத்திலேயே சாக்கடையில் இறங்கினார். மறு வருஷம் முனிசிபாலிட்டி விளக்குக் கம்பத்தைத் தழுவினார். உப்பு மூட்டை அடுக்கியிருந்த கட்டைவண்டியின் பின்புறத்தில் மார்பைக் கொடுத்தார். ஒரு தரம், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்த கூட்டத்தைப் பத்திரமாகத் தவிர்த்துவிட்டு, ஆளே இல்லாத பந்தல்காலில் போய் மோதினார். கடைசியாக ஒரு வாரத்துக்கு முன், மீன் கூடையோடு வந்த சைக்கிளுக்கு வழி விடுகிறேன் பேர்வழி என்று, வீடு கட்டக் குவித்திருந்த இரும்புத் தகட்டில் இடது முன்னங்காலைக் கொடுத்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தோல் பிளந்து, உள்ளே வெள்ளையாக நரம்பு தெரிந்தது.

பார்க்க வந்த கால்நடை டாக்டர் தேவபிரசாதம் முதலில் கைக்குட்டையை விரித்துத் தரையில் போட்டு, அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, காயத்தைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் சொன்னார். அவை ஹில்டாவுக்குச் சொன்னவை அல்ல, ரோச்சுக்கும் அல்ல. குதிரைக்குச் சொன்னார் என்றுதான் தோன்றியது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அதுதான் பேசாமல் இருந்தது. தையல் போட்டார், ஊசி போட்டார். காலையும் மாலையும் கால்மணி நேரம் 'சலைன் ஹைட்ரோதெரபி' என்றார். அந்தப் பெயரைக் கேட்டு ரோச் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டுமா என்று கேட்டார். கடல் தண்ணீரில் நிறுத்தினால் போதும் என்று டாக்டர் சொன்னதும் அவர் முகம் விழுந்தது. பிறகு ஊதா மருந்தில் கழுவி, வேப்பெண்ணெய் தடவி, துணி சுற்றிக் கட்ட வேண்டும். ஈ உட்காரக் கூடாது. மூன்று வாரம் வண்டியில் பூட்டக் கூடாது.

இதையெல்லாம் செய்வது யார் என்ற கேள்வி அந்த வீட்டில் எழவே இல்லை. தண்டல் உத்தரவு போடுவார். தோணியைக் கழுவுவது வேறு ஆள் வேலை.

ரோச்சின் உத்தரவு வேறாக இருந்தது. ஊருக்கு வெளியே மைதானத்தில் சர்க்கஸ் கொட்டகை போட்டிருந்தார்கள். டாக்டர் போன மறுநாளே அதன் மேனேஜர், எண்ணெய் தடவிப் படிய வாரிய மலையாளத்துக்காரர், வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கவர்னரின் பூர்வீகம் பற்றி ரோச் ஒரு பிரசங்கம் செய்தார். தகப்பன் மதராஸ் ரேஸில் ஓடியது, தாய் வெள்ளைக்காரத் துரை வீட்டுக் குதிரை, நடையைப் பாரும், கழுத்தைப் பாரும். மேனேஜர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழுந்து போய்க் கழுத்தைப் பார்க்கவில்லை, நடையைப் பார்க்கவில்லை. தொடையில் இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்தார். விலா எலும்பின்மேல் கையை ஓட்டினார். ஆட்டுக்கடையில் ஹில்டா அப்படித்தான் பார்ப்பாள்.

அவர் போனதும் கேட்டாள். "அங்கன என்ன வேலை இதுக்கு?"

"சாகசம்" என்றார் ரோச். "குமரிப் பிள்ளைக குதிர மேல நின்னுக்கிட்டு வளையத்துக்குள்ள தாவும்லா, அது."

"சிங்கம் எத்தனை வச்சிருக்கானாம்?"

ரோச் வெள்ளைக் கோட்டில் இல்லாத தூசியைத் தட்டினார். அவருக்கும் தெரியும், தெரிந்ததைச் சாகசம் என்று சொல்லிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் கையால் நன்மை வாங்குவதற்கு நெருடாது, அவ்வளவுதான்.

ஹில்டாவுக்குக் கவர்னர்மேல் பாசம் என்று சொல்லிவிட முடியாது. அதை அவள் தினம் மூன்று தரமாவது சபித்தாள். கட்டிய துணியை அரைமணி நேரத்தில் பல்லால் கடித்து அவிழ்த்தது. ஊதா மருந்துச் சட்டியை மிதித்துக் கவிழ்த்து, அவளுடைய நல்ல சேலை ஒன்றைப் பாதிரியாரின் தவக்கால அங்கி நிறத்துக்கு மாற்றியது. ஈக்கள் வேப்பெண்ணெயை மதிக்காமல் வந்தன. விசிறி விசிறி அவள் தோள்பட்டை கழன்றது. ஆனால் காயத்தைக் கழுவும்போது அது உதைத்ததே இல்லை. தோல் மட்டும் சிலிர்த்துச் சிலிர்த்து நடுங்கும். குனிந்திருக்கும் அவள் முதுகின்மேல் தாடையை வைத்து, முழுப் பாரத்தையும் இறக்கிவிட்டு, மூச்சு விடும். அந்தக் கனமும் சூடும் முதுகில் இருக்கையில், சர்க்கஸ்காரர் தொடையில் அழுத்திய இரண்டு இடமும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். இதைத் தின்னக் கொடுக்க முடியாது என்று அவள் முடிவு செய்தது அங்கேதான். குதிரை போய்விட்டால் ரோச் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து மன்னார்க் கடலைக் கடப்பார் என்ற பயமும் அதில் கொஞ்சம் இருந்தது.

ஆகவே பேரம் பேசினாள். டாக்டர் சொன்ன மூன்று வாரம் கழித்து வண்டியில் பூட்டுவது. ஸ்டேஷன் வரை போய், ஒரு இடியும் இல்லாமல் திரும்பி வந்தால் கவர்னர் வீட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அந்த ஞாயிறு சர்க்கஸ் கொட்டகை பிரிக்கும்போது கூடவே போகட்டும். ரோச் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது பெருந்தன்மையால் அல்ல. குதிரை எப்படியும் இடிக்கும் என்ற நம்பிக்கையால்.

மூன்று வாரமும் அவள் காலையும் மாலையும் அதைக் கடலுக்கு நடத்திப் போனாள். புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை வந்தது. அந்த நடையில்தான் ஒரு விஷயம் அவளை உறுத்த ஆரம்பித்தது. திரேஸ்புரம் கரை நடப்பதற்கென்று ஏற்பட்ட இடமல்ல. மணலில் பாதி புதைந்த நங்கூரங்கள், குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய கயிறுகள், காயப்போட்ட வலை, உடைந்த பாட்டில், சங்குக் குவியல். மனிதர்களே தட்டி விழுவார்கள்; ஹில்டா இரண்டு தரம் விழுந்தாள். கவர்னர், நொண்டிக் காலோடு, ஒரு கயிற்றையும் தொடாமல், ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துக் கடந்தது. அவள் விழுந்த இடத்தில் நின்று காத்திருந்தது. இந்த மூதியா கண்ணெதிரே நிற்கும் விளக்குக் கம்பத்தில் போய் முட்டியது?

ஜட்கா ஸ்டாண்டில் ரோச்சுக்குப் பக்கத்து வண்டி இஸ்மாயிலுடையது. குதிரையோடு பிறந்து வளர்ந்த ஆள். அவர் ஒரு நாள் புண்ணைப் பார்க்க வந்தபோது ஹில்டா கேட்டாள், இதற்குக் கண்ணில் ஏதாவது கோளாறா என்று. இஸ்மாயில் இமையைப் பிதுக்கிப் பார்த்தார். விரலை ஆட்டிப் பார்த்தார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு மயினி. போன வருசம் எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு இத வாங்கிட்டுப் போனேம்லா. காயல்பட்டணம் வரைக்கும், மேளம், வாணவேடிக்கை, அவ்வளவு கூட்டம். ஒரு எழவும் நடக்கலியே."

திண்டில் சாய்ந்திருந்த ரோச் சொன்னார்: "புது ஆளுன்னு பயந்திருக்கும். என்ட்ட அதுக்குச் செல்லம்."

இஸ்மாயில் ஹில்டாவை ஒரு முறை பார்த்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவருக்கு ஏதோ தெரிந்திருந்தது. தண்டலிடம் அதைச் சொல்லிவிட்டுத் தினம் தினம் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற தெம்பு இல்லாதிருந்தது.

மூன்று வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை, கவர்னரை வண்டியில் பூட்டினார்கள். கண்ணுக்கு இருபுறமும் தோல் மறைப்பைக் கட்டினார்கள். இனி நேர் எதிரே உள்ளது மட்டும்தான் அதற்குத் தெரியும், பக்கவாட்டு உலகம் முழுக்க ரோச்சின் கையில். ஹில்டாவும் ஏறி, அவருக்குப் பின்னால், தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கும்படி உட்கார்ந்துகொண்டாள். ஸ்டேஷன் வரை ஒரு குறையும் இல்லை. ரோச் வலது கடிவாள வாரை மெல்ல இழுத்தால் குதிரை வலது, இடது வாரை இழுத்தால் இடது. திரும்பும் வழியில் அவரே குஷியாகிப் புயல் கதையை ஆரம்பித்தார். மனைவி அதை எத்தனையாவது தரம் கேட்கிறாள் என்பது அவருக்கு ஒரு பொருட்டல்ல.

ஐஸ் பேக்டரி முக்கில், இடதுபுறச் சந்திலிருந்து ஒரு உப்பு லாரி பின்பக்கமாக வெளியே வந்தது. வலதுபுறம் ரோடு அகலமாக, காலியாகக் கிடந்தது. "வலது, வலது" என்று ரோச் கத்தினார். கத்திக்கொண்டே இடது வாரை மார்போடு சேர்த்து இழுத்தார்.

கவர்னர் சொன்னபடி கேட்டது. இடதுபுறம் திரும்பி லாரியை நோக்கிப் போனது.

ஹில்டா பார்த்தது கை மட்டும்தான். லாரியோ, டிரைவர் பிரேக்கை மிதித்ததோ, வண்டி சாய்ந்ததோ பிறகுதான் புத்தியில் ஏறின. அந்தக் கையை அவள் முன்பு பார்த்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் மணப்பாடு கோயில் திருவிழாவுக்குத் தோணியிலேயே கூட்டிப் போனார். கடல் நடுவில் சுக்கான் கட்டையை அவள் கையில் கொடுத்து, பெருமை தாங்காமல் சொன்னார்: வலது போகணும்னா இடது பக்கம் தள்ளணும்ளா, இது மாட்டு வண்டி இல்ல. அவள் தப்பாகத் தள்ள, அவர் கை வந்து மேலே அமர்ந்து, சட்டென்று இடதுபுறம் மார்போடு சேர்த்து இழுத்தது. தோணி அழகாக வலதுபுறம் திரும்பியது. நிதானமாக இருக்கும்போது அந்தக் கை ஜட்காக்காரர் கை. பயந்துவிட்டால் கடலுக்குப் போய்விடுகிறது. சாக்கடை, கம்பம், கட்டைவண்டி, பந்தல்கால், இரும்புத் தகடு. நாலு வருஷமாக அந்தக் குதிரை எதிலும் போய் மோதவில்லை. அது கீழ்ப்படிந்தது.

லாரியின் பின்புற இரும்பில் உரசி, இடது முன்னங்காலில் புதுச் சதை ஒட்டிய இடம் அப்படியே திறந்துகொண்டது. மூன்று வாரம், நாற்பத்திரண்டு கடல் நடை, கழன்ற தோள்பட்டை. ரத்தம் குளம்பு வரை இறங்கியது. ரோச் கீழே இறங்கி, கூடிய கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "பாத்தியளா. வலது வலதுன்னு கத்துதேன். இது எடது போவுது. சனியன்." கூட்டம் ஆமோதித்தது. தண்டல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஹில்டா கண்டதைக் கூட்டத்தின் முன்னால் சொல்லியிருந்தால் அவர் சாகும்வரை குதிரையை மன்னித்திருக்க மாட்டார். முந்தானையைக் கிழித்துக் காலைக் கட்டி, குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். வண்டியை இஸ்மாயில் இழுத்துவந்து விட்டுப் போனார். முற்றத்தில் ஊதா மருந்தைக் கரைத்தபடியே சொன்னாள்.

"குதிரைக்கு ஒண்ணுமில்ல. ஒங்க கைதான்."

"என்ன கை?"

"வாய் வலதுங்குது. கை எடது வாரை இழுக்குது. நான் பின்னாலயே இருந்து பாத்தேன்."

ரோச் சிரித்தார். சபையில் சின்னப் பிள்ளை உளறினால் பெரியவர் சிரிக்கும் சிரிப்பு. "எனக்கு வலது எடது தெரியாதுன்னு சொல்லுத. ஏளா, முப்பது வருசம் சுக்கான் புடிச்ச கை இது."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

சிரிப்பு முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது, அதை எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாததுபோல. பிறகு எழுந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருவான், குதிரையைக் குளிப்பாட்டி வை என்றார். அன்றும் மறுநாளும் அவர் வாயிலிருந்து அவள் கேட்டது அவ்வளவுதான். ஹில்டா மருந்துச் சட்டியை ணங்கென்று வைத்தாள். புண்ணுக்கு மருந்து இருக்கிறது, ஈக்கு விசிறி இருக்கிறது. தான் தப்பே செய்ததில்லை என்று நம்புகிற ஆம்பிளைக்கு எந்த டாக்டர் வருவார்? சனிக்கிழமையும் இரண்டு வேளை கடலுக்குப் போனாள். நாளைக்குச் சிங்கம் தின்னப்போகிற காலுக்கு எதற்கு வைத்தியம் என்று கரையில் யாரும் கேட்கவில்லை. அவளே கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டே கழுவினாள்.

ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, கொட்டிலில் உட்கார்ந்து கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். குதிரையின் தாடை வழக்கம்போல அவள் முதுகில். முற்றத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. எட்டிப் பார்த்தாள்.

ரோச் வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி, அவளுக்கு முதுகைக் காட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோட்டு இல்லை, பனியனோடு. ஜன்னலின் இரண்டு கதவுப் பிடிகளிலும் வாரைக் கட்டி, இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்திருந்தார். "வலது" என்று முனகினார். வலது வாரை இழுத்தார். வலது கதவு கிறீச்சென்று திறந்தது. விட்டார், சாய்ந்த சட்டமானதால் கதவு தானாகவே வந்து மூடிக்கொண்டது. "எடது." இடது கதவு திறந்தது, மூடியது. உதடு பிரார்த்தனை செய்வதுபோல அசைந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரமாகச் செய்கிறாரோ, கழுத்தெல்லாம் வேர்வை.

வாசலில் சர்க்கஸ் ஆள் வந்து நின்றான். தோளில் கயிற்றுச் சுருள். கொட்டகை பிரித்தாயிற்று, லாரி காத்திருக்கிறது, குதிரையைக் கொண்டுபோகலாமா என்று கேட்டான்.

"கொஞ்சம் இரும்" என்றார் ரோச். திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் ஜன்னலையும் வாரையும் அதைப் பிடித்திருக்கிற மனிதரையும் பார்த்தான். சர்க்கஸில் பலதும் பார்த்தவன். ஒன்றும் கேட்காமல் கயிற்றைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தான்.

"ஏளா" என்றார் ரோச், ஜன்னலிடம் பேசுவதுபோல. "அங்கன இருந்தே சொல்லு. திடீர்னு சொல்லணும். பயமுறுத்துத மாதிரி."

ஹில்டா துணியின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, முடிச்சைப் போட்டாள். அவர் முதுகு காத்திருந்தது. தோள்பட்டை இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகியது. அவர் கொஞ்சம் அசந்த சமயம் பார்த்துக் கத்தினாள்: "லாரி! வலது!"

படாரென்று திறந்தது இடது கதவு.

 திறந்த கதவு, சட்டத்தின் சாய்வுக்கு இணங்கி, மெதுவாக, முனகிக்கொண்டே திரும்பி வந்தது. சர்க்கஸ் ஆள் பீடியை வாயிலிருந்து எடுத்தான். ரோச் இடது கையை விரித்துப் பார்த்தார். வார் அழுத்திய கோடு உள்ளங்கையில் சிவந்திருந்தது. அதை வேட்டியில் துடைத்துவிட்டு வாரை மறுபடி சுற்றிக்கொண்டார்.

"இன்னொரு தடவ" என்றார்.

முதுகின்மேல் குதிரையின் மூச்சு சூடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இடது கதவு இன்னும் முழுதாக மூடவில்லை. ஹில்டா வாயைத் திறந்தாள்.